நான்காவது நிமிடம், பத்தாவது நொடி

அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
கைகளை மட்டும் தெரியும்:
இடது கட்டைவிரலில் காற்புள்ளி மாதிரி வளைந்த சூட்டுத் தழும்பு,
நகங்களுக்கடியில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ்.

லியெபாயாவில், துறைமுகக் கிரேன்கள் தெரியும் சமையலறையில்
வாஷிங் மெஷின்களைத் திறந்து காட்டுகிறாள் வெல்கா.
இசை இல்லை. வணக்கம் இல்லை.
முதல் வாக்கியமே, ‘மின்சாரத்தை நிறுத்துங்கள்.’
தலைப்பு என்று வெறும் மாடல் எண்.
கேமரா சில நேரம் சாய்ந்து சுவரைப் பார்க்கும்,
அவள் கவனிப்பதில்லை.
மீன் வரும் பருவத்தில் இரண்டு மாதம் ஆளையே காணோம்.
எட்டு வருடம், நூற்று அறுபது வீடியோ,
சந்தாதாரர்கள் இருநூற்றுப் பதினாலு.

அந்த ஜனவரி இரவில்
என் மெஷின் தண்ணீரை விழுங்கிவிட்டுத் துப்ப மறுத்தது.
உள்ளே, மறுநாள் நேர்காணலுக்கு வேண்டிய
ஒரே வெள்ளைச் சட்டை.
தேடியபோது பதினேழாவதாக இருந்தாள்.
மேலே பதினாறு பேர் வாயைப் பிளந்தபடி
சிவப்பு அம்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.
தேர்ந்தெடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்;
தூக்கத்தில் விரல் வழுக்கி அவளிடம் விழுந்தேன்.

‘கீழே வலது மூலையில் சின்ன மூடி.
திறக்குமுன் ஒரு பாத்திரம் வையுங்கள்.
ஒன்று போதாது.’
நான்காவது நிமிடம் பத்தாவது நொடியில்
வடிகட்டியிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துக் காட்டினாள்.
நானும் எடுத்தேன்: இரண்டு சென்ட் நாணயம், ஒரு ஹேர்பின்.
மோட்டார் இருமியது. தண்ணீர் இறங்கியது.
போனை அணைத்தேன்.
மீதி ஏழு நிமிடம் அவள் என்ன சொன்னாள் என்று
இன்றுவரை தெரியாது.

யார் எதுவரை இருந்தார்கள் என்று
அவள் கணக்கில் ஒரு கோடு இருக்கும் அல்லவா,
அது சரியாக அந்த நொடியில்
படி தவறியவன் போல விழுந்திருக்கும்.
சலித்துவிட்டது என்று பொருள்.
எங்கோ ஒருவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
தூங்கப் போனது அதற்கு எப்படித் தெரியும்?
வயிறு நிறைந்தவன் இலையை மடித்து எழுந்தால்
சோறு சரியில்லை என்று எழுதிக்கொள்ளும்
கணக்கப்பிள்ளை அது.

இதே ஊரில் ராய்டிஸ் என்றொருவன்.
ஐந்தாம் மாடியிலிருந்து வாஷிங் மெஷின்களைத் தள்ளிவிடுவான்.
பேச்சே கிடையாது, அதனால் எல்லா நாட்டுக்காரர்களும் பார்ப்பார்கள்.
வெல்காவின் மொழியோ
இருபது லட்சம் வாய்களுக்குள் அடங்கிவிடும்.
நானும் அவனைப் பார்ப்பேன், ஒளிக்க என்ன இருக்கிறது?
விழும்போது கதவு தானாகத் திறந்துகொள்வது அழகு.

கெட்டவன் இல்லை. அவளுக்கு யோசனைகூடச் சொன்னானாம்:
‘விடையை முதலிலேயே கொடுத்துவிடுகிறாய்.
கடைசிவரை கைக்குள் வைத்திரு.’
(பெல்ட் மாற்றும் வீடியோவில், திருகைக் கழற்றிக்கொண்டே
அவள் இதைச் சொன்னாள்.
அடுத்த வருடம் என் பெல்ட் அறுந்தபோது கேட்டேன்.)
செய்து பார்த்தாள். மூடி எங்கே என்பதைப்
பத்தாவது நிமிடம்வரை சொல்லவில்லை.
மூவாயிரம் பேர் வந்தார்கள், முதல்முறையாக.
வென்ட்ஸ்பில்ஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்:
காத்திருந்த நேரத்தில் தண்ணீர்
கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டது.
அன்றிரவே வெல்கா அதை எடுத்துவிட்டாள்.
‘கூரைக்குப் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன்,’ என்றாள்,
திருகு கழன்றது.

மார்ச்சில், நெரிசலான டிராமில்,
இரண்டு கம்பளிக் கோட்டுகளுக்கு அப்பால்
கம்பியைப் பிடித்திருந்தது ஒரு இடது கை.
தழும்பு. கிரீஸ்.
என் வடிகட்டி, நாணயம், சட்டை, கிடைத்த வேலை
எல்லாம் ஒரே வாக்கியமாகத் தொண்டைவரை வந்தன.
என் நிறுத்தமும் வந்தது.

இரவு போனை எடுத்தேன்.
இருநூற்றுப் பதினாலு.
இன்னொன்று கூட்ட ஒரு விரல் போதும்.
அதற்குள் மேலே ராய்டிஸ்;
இந்த முறை ஏழாம் மாடி.